பற்றரி மூடி இரண்டு

எல்லோருக்கும் வணக்கம். சுகமாய் இருக்கிறீர்களா? இந்த வெக்கைக்குக் காய்ச்சல், தலையிடி ஒன்றும் இல்லையே? எனக்கு முழங்கால் மட்டும்தான் மக்கர் பண்ணுகிறது. விரல்கள் நன்றாக ஓடுகின்றன, அதனால் எழுதுகிறேன்.

போன கிழமை ஒருவர் கேட்டிருந்தார், இத்தனை காலம் கணினிப் பாதுகாப்பு வேலை பார்த்தீர்களே, அதை எங்கே படித்தீர்கள் என்று. சான்றிதழ் எடுத்தது கொழும்பில். ஆனால் படித்தது திருகோணமலையில், மூதூருக்குப் போகும் வள்ளங்கள் நிற்கும் இறங்குதுறையில், தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒரு காலை.

அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பனியின் கணினி அறை என் பொறுப்பில் இருந்தது. ஆறு கணினி, ஒரு குளிரூட்டி, கடவுச்சொற்களை எழுதிப் பூட்டி வைத்த ஒரு அலுமாரி. வேலை முடிந்து வந்தால் வீட்டில் எனக்கு ஒரே பொழுதுபோக்கு, பழைய றேடியோக்களைப் பிரித்து ஈயம் உருக்கி ஒட்டுவது.

என் அக்கா பூரணி குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்கு அப்பால் கட்டைபறிச்சானில் இருந்தா. அத்தான் சோமசேகரத்துக்குச் சலரோகத்தால், அந்தச் சீனி வியாதியால், இரண்டு கண்ணும் போய்விட்டன. அவருக்கு உலகம் என்றால் றேடியோதான். ஆனால் அது சண்டைக்காலம், குண்டு செய்யப் பாவிப்பார்கள் என்று அந்தப் பக்கம் பற்றரி கொண்டுபோக அரசாங்கத் தடை. வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாவித்த கடைசிப் பற்றரியும் செத்துவிட்டது. அக்கா ஒரு ஆளிடம் துண்டு எழுதி அனுப்பியிருந்தா. “றேடியோ நிண்டு அஞ்சு மாசம். இவரும் கதைக்கிறதை விட்டிட்டார். சாப்பாட்டையும் தள்ளிப்போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறார். எனக்குப் பயமாக் கிடக்கு.”

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பற்றரியே தேவைப்படாத றேடியோ ஒன்றைச் செய்தேன். பவுடர் வந்த பிளாஸ்டிக் போத்தலில் நூறு சுற்றுச் செம்புக் கம்பி, ஒரு டயோட், காதில் வைக்கிற ஒரு குமிழ். மேலே ஒரு நீளக் கம்பி, கீழே மண்ணுக்கு ஒரு கம்பி. அவ்வளவுதான். ஊருக்கு வடக்கே நின்ற வெளிநாட்டு வானொலியின் பெரிய ஒலிபரப்புக் கோபுரங்களின் சத்தம் அதில் தெளிவாக விழுந்தது. முதல் தடவை கேட்டபோது குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எழும்பினேன்.

இனி நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். கம்பிகளைப் பூட்ட இரண்டு முனை வேண்டியிருந்தது. அந்த நாளில் நாங்கள் எதையும் எறிவதில்லை. செத்த ரோச்லைற் பற்றரியை உடைத்து, கரிக்குச்சியின் தலையில் இருக்கும் பித்தளை மூடிகளைக் கழற்றி வைத்திருந்தேன். அதில் இரண்டை எடுத்து அழகாக ஒட்டினேன். பற்றரி கொண்டுபோக முடியாத ஊருக்குப் பற்றரி மூடி போட்ட பெட்டி. என் புத்தியைப் பாருங்கள்.

இறங்குதுறைச் சோதனை மேசையில் நேவி அதிகாரி போத்தலைத் தூக்கியதும் வரிசை இரண்டடி பின்வாங்கியது. கம்பி சுற்றிய போத்தல். அவர் கண் நேரே மூடிகளுக்குத்தான் போனது. அவர் சிங்களத்தில் கேட்டது எனக்கு விளங்கவில்லை. பின்னால் நின்ற மூதூர் யாவாரி சரீப் நானாவைக் கூப்பிட்டார்கள், அவருக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி.

“தங்கச்சி, பற்றரி எங்க ஒளிச்சி வச்சிருக்கீங்கண்டு கேக்கார்.”

“பற்றரியே இல்ல நானா. இது றேடியோ.”

“பற்றரி இல்லாத றேடியோவா? நான் இதச் சொன்னா என்னையும் சேத்துப் புடிப்பான்.”

ஆனாலும் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. தூரத்தில் ஆட்களை ஏற்றும் ஒரு வான் வண்டி நின்றது, அதைப் பார்த்தார். அதில் ஏற்றப்பட்டவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. போட்டுக் காட்டுகிறேன், பத்து நிமிடம் தாருங்கள் என்று கேட்டேன்.

மண்கம்பியைப் பலகை இடுக்கால் கடலுக்குள் இறக்கினேன். மேல்கம்பியை வள்ளம் தள்ளும் தடியில் கட்டி, சரீப் நானாவை வாங்குப் பலகையில் ஏற்றித் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். இடுப்புச் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் வெங்காயம் விற்க வந்தவன் என்று புறுபுறுத்தபடி பிடித்தார். குமிழை அதிகாரியின் காதில் வைத்தேன்.

அவர் முகம் இறுகியது. யாரோ விளங்காத பாஷையில் கதைக்கிறார்களாம், ரகசியக் கதையாம். சரீப் நானா ஒரு கையால் தடியைப் பிடித்தபடி மறுகையால் குமிழை வாங்கிக் கேட்டார்.

“இது ஹிந்தி. பொறுங்க, பாட்டுப் போடப் போறான்.”

போட்டான். குமிழ் திரும்பவும் அதிகாரியிடம் போனது. கொஞ்ச நேரத்தில் அவருடைய சப்பாத்து நுனி தாளம் போட்டது. பிறகு அது நின்றது. இது கேட்கிறது சரி, யாருக்கும் கதைக்காது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்.

என் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அதுதான். ஒரு கருவி ஒன்றைச் செய்யும் என்று காட்டலாம். செய்யாது என்று எப்படிக் காட்டுவது?

“நானா, சொல்லுங்கோ. கதைக்கிறதுக்குப் பலம் வேணும், கேக்கிறதுக்குத் தேவையில்ல. பலம் இருக்கிற சாமான் ஒண்டும் இதுக்குள்ள இல்ல. முழுக்கக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்கோ.”

கழற்றினார். போத்தலுக்குள் வெளிச்சம் பிடித்தார். சாமான்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். ஒளிந்திருக்க இடமே இல்லை. அவர் கோபுரங்கள் இருக்கும் திசையைப் பார்த்தார், பிறகு வெறும் காற்றைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கள் எல்லோரையும் தடவிப் பார்க்கும் அந்த இடத்தில், யாராலும் தடவ முடியாத ஒரு பாட்டு வரிசையில் நின்ற எல்லோருடைய உடம்புக்குள்ளாலும் போய்க்கொண்டிருந்தது. அவருடைய உடம்புக்குள்ளாலும்தான். எனக்கு மெய் சிலிர்த்தது.

கடைசியில் குறடு எடுத்து இரண்டு மூடிகளையும் நறுக்கிக்கொண்டு, மீதியை என்னிடம் தள்ளினார். கொப்பியில் என்ன எழுதினார் என்று சரீப் நானா வள்ளத்தில் சொன்னார்: பற்றரி மூடி இரண்டு, பறிமுதல்.

கட்டைபறிச்சானில், மூடிகள் போய்விட்டதால், கம்பிகளைக் கையால் முறுக்கிப் பூட்டினேன். ஒன்றை வேப்பமரத்தில் எறிந்து, மற்றதைக் கிணற்றில் இறக்கினேன். அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் கிடந்தார். அக்கா குமிழை அவர் காதில் வைத்தா. பிறகு கை மெல்ல எழும்பி, குமிழை அமர்த்திப் பிடித்தது.

“பூரணி,” என்றார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். “ஆரோ கதைக்கிறாங்கள்.”

அக்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. அத்தான் போத்தலைத் தடவினார், கம்பியைத் தடவினார், பற்றரி இருக்கவேண்டிய இடத்தைத் தேடினார்.

“பிள்ளை, அப்ப இதுக்கு ஆர் சாப்பாடு போடுறது?”

“ஒருத்தரும் இல்ல அத்தான். அங்க இருந்து வாற சத்தத்திலயே ஒரு துளியை எடுத்துச் சீவிக்குது.”

அவர் அக்காவிடம் கஞ்சி இருக்கிறதா என்று கேட்டார்.

பிறகு எத்தனையோ கருவிகளை என் மேசையில் வைத்து, இது பாதுகாப்பானதா என்று கேட்டிருக்கிறார்கள். நான் முதலில் கழற்றித்தான் பார்ப்பேன். பெயர் தெரியாத அந்த அதிகாரிதான் என் வாத்தியார்.

உங்கள் வீட்டில் அந்த நாளில் பற்றரி இல்லாமல் எதை எப்படி ஓட வைத்தீர்கள்? சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். கீழே எழுதுங்கள். பிழை விட்டதையும் மறைக்காமல் எழுதுங்கள், நான் என்னுடையதைச் சொல்லிவிட்டேன்தானே.