ஓகே ஆன டேக்

மாமனாரின் மணிக்கட்டிலிருந்து அந்தப் பட்டையைக் கழற்ற மாப்பிள்ளைக்குக் கை வரவில்லை. காலை ஏழு மணிக்கு உயிர் பிரிந்து, இப்போது ஒன்பதரை. பட்டையின் சின்ன விளக்கு அணைந்து கிடந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த நர்ஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அவசரமில்ல சார். மெதுவாவே கழட்டுங்க."

மாமனார் வானொலி நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் ஒலிப்பதிவாளர். எவ்வளவு பெரிய பாடகரானாலும் சுருதி மயிரிழை விலகினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து "கட்" என்பார். எல்லாம் சரியாக அமைந்தால் மட்டும் "டேக் ஓகே". பஸ் ஓட்டும் மாப்பிள்ளைக்கோ, வாயைத் திறந்தாலே சுருதி ஊரைவிட்டு ஓடிவிடும். கல்யாணமான புதிதில் குளியலறையில் பாடியபோது வெளியிலிருந்து "கட்" என்று குரல் வந்தது. அதோடு அந்த வீட்டில் பாட்டுக்கு முழுக்குப் போட்டார். பெண்ணைக் கொடுத்தாரே தவிர, மாமா தன்னை ஓகே செய்தாரா என்பது இருபத்தாறு வருஷமாக அவருக்குத் தெரியாமலே இருந்தது.

மறதி நோய் வந்து பெயர், முகம், வீடு எல்லாம் போயின. காது மட்டும் போகவில்லை. சாயங்காலமானால் கதவை இடிப்பார், மாமியாரின் கையைத் தட்டிவிடுவார். அப்போதுதான் நர்ஸ் இந்தப் பட்டையைக் கட்டிவிட்டாள். நாடி எகிறினால் விளக்கு சிவக்கும், தலைமாட்டு ஸ்பீக்கர் தானாகப் பாடும். அமைதியானால் பச்சை. மகள் தேடித் தேடி அருமையான கச்சேரிகளாக ஏற்றி வைத்தாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதையாயிற்று.

"கட்! கட்!"

பாவம், நல்ல பாட்டைக் கேட்டால் அவருக்கு டியூட்டி ஞாபகம் வந்துவிடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு ஷேவ் செய்துவிடும்போது மாப்பிள்ளை, இவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே என்ற துணிச்சலில் பாடிக்கொண்டிருந்தார். நடுவே ஸ்பீக்கரை நகர்த்தியபோது நுரை படிந்த கட்டைவிரல் பதிவுப் பொத்தானை அழுத்தியது அவருக்குத் தெரியாது. மறுநாள் சாயங்காலம் விளக்கு சிவந்தது. ஸ்பீக்கர் மாப்பிள்ளையின் குரலில் பாடத் தொடங்கியது. மானம் கப்பலேற, அவர் அணைக்க ஓடினார்.

மாமியார் கையைப் பிடித்தார். "இருங்க மாப்பிள்ளை. விளக்கப் பாருங்க."

பச்சை. மாமாவின் உதட்டோரம் லேசாகச் சுழித்திருந்தது.

"இத எங்க திருத்துறதுன்னு அப்பாவே விட்டுட்டாரு போல" என்றாள் மகள். வெகுநாள் கழித்து மூன்று பேரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம், மாமியார் சாயங்காலங்களில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அது போதாதா? தன் கழுதைக் குரலுக்கு இப்படியொரு வேலை கிடைத்ததே என்று மாப்பிள்ளைக்கு ஆனந்தம்.

இன்று காலை மாமாவுக்கு மூச்சு இழுத்தபோது ஸ்பீக்கர் பாடியது. மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடினார். மாமா கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. சொல்லா, வெறும் மூச்சா என்று மாப்பிள்ளையால் சொல்ல முடியவில்லை. ஆசைதான் அப்படிக் கேட்க வைத்ததோ என்று இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஒருவழியாகப் பட்டை கழன்றது. மணிக்கட்டில் வெளிறிய தடம் இருந்தது.

"ஸ்பீக்கர் நீங்க வாங்கினதுதானே, இருக்கட்டும். அதுல இருக்கறத அழிச்சிடவா சார்?" என்றாள் நர்ஸ்.

"அழிச்சிடுங்கம்மா. அது சும்மா, நான் கத்தினது."

"அதத் தொடாதீங்க." கால்மாட்டிலிருந்து மாமியாரின் குரல். "காலைல அவர் ஓகே சொன்ன டேக் அது. நானும்தான் கேட்டேன்."

மாப்பிள்ளை திரும்பிக்கொண்டார். மனைவியிடம், "வெந்நீர் கொண்டா. அப்பாவுக்கு ஷேவ் பண்ணணும்" என்றார்.

நுரையைக் குழைத்து மாமாவின் கன்னத்தில் தடவினார். முதல் வரியிலேயே சுருதி வழுக்கியது. பழக்க தோஷம், ஒரு கணம் நிறுத்தினார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு பாடிக்கொண்டே சவரத்தைத் தொடங்கினார்.