பாலத்தடிக் கடை மீன்

பாலத்தடிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள். வெள்ளிக்கிழமை என்றால்கூடப் பரவாயில்லை. வியாழக்கிழமை மதியம், அதுவும் தூறலில். முப்பத்தோரு வருஷமாக மேட்டுத்தெருவில் மீனும் சிப்ஸும் விற்கிற நான், தலையில் ஸ்கார்ஃபை இழுத்துக் கட்டிக்கொண்டு, அடுத்தவன் கடையில் மீன் வாங்கப் பத்தாவது ஆளாக நின்றுகொண்டிருந்தேன். என் புருஷன் நெவில் கால்வாய் ஓரத்தில் வேனுக்குள், தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். யோசனை அவனுடையது, நனைவது நான்.

"ஒரு தடவ வாங்கித் தின்னு பாத்துடுவோம் பாலின். அவன் என்னதான் பண்றான்னு தெரிஞ்சாத்தான நாம என்ன பண்றதுன்னு தெரியும்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இந்தக் கடை திறந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எங்கள் கடையில் நாங்கள் ஈ ஓட்ட ஆரம்பித்தது அதற்கும் ஒரு வருஷம் முன்பிருந்து. அதைச் சொன்னால் அவனுக்குப் பிடிக்காது, அதனால் நான் சொல்வதில்லை. குளிர் விடுவதற்குள் கூட்டம் திரும்பாவிட்டால் கடையை விற்றுவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். விற்றுவிட்டு அவன் என்ன செய்வான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. மீன் பொரிப்பதைத் தவிர மனுஷனுக்கு ஒரு எழவும் தெரியாது. விடுமுறைக்குக் கடற்கரை போனாலும் அங்கே யார் சட்டி நன்றாக இருக்கிறது என்று பார்க்கத்தான் போவான்.

எனக்கு முன்னால் நின்ற பச்சை மழைக்கோட்டு திரும்பியது. டோரின். வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்தவள், எங்கள் மகள் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதவள்.

"அட, பாலின், நீயா" என்றாள். கழுத்துவரை சிவந்துவிட்டது. "நான் சும்மா, ஒரே ஒரு தடவ எப்படித்தான் இருக்குன்னு பாக்கலாமேன்னு..."

"நானும் அதுக்குத்தான் வந்தேன்."

"உங்க கடை மாதிரி வருமா? பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கேன்னு நின்னேன், அவ்வளவுதான்."

அதற்குள் அவள் முறை வந்துவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் அவளைப் பார்த்ததும் சிரித்தாள். "வழக்கம்போலத்தான டோரின்? பட்டாணி மசியல் தனியா, பொரிஞ்ச மாவுத் தூள் ரெண்டு கை கூட?"

டோரின் அப்புறம் என் பக்கம் பார்க்கவே இல்லை. பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் "வரேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். முடிவெட்டுகிறவள் தலையைக் கோணலாக வெட்டிவிட்டாலும் கண்ணாடியைப் பார்த்து அருமை என்பார்கள், டிப்ஸும் கொடுப்பார்கள், அப்புறம் சாகிறவரை அந்தத் தெருப் பக்கம் போக மாட்டார்கள். நானும் அந்த ஜாதிதான்.

கவுண்டருக்கு நெருக்கமாகப் போனதும் வாசம் வந்தது. மாட்டுக்கொழுப்பில் மீன் பொரிகிற வாசம், சுத்தமானது, அடியில் லேசாக இனிப்பது. கவுண்டருக்குப் பின்னால் கொழுப்புக் கட்டிகள் வரும் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. நாங்கள் வாங்குகிற அதே பெட்டி, அதே நீலநிற மாட்டுத்தலைப் படம். போதாததற்கு, மாட்டுக்கொழுப்பில் மட்டுமே பொரிக்கிறோம் என்று சுவரில் வேறு எழுதிப் போட்டிருந்தான். எழுத வேண்டியதே இல்லை. எங்கள் வடக்குப் பக்கத்தில் வேறு எதில் பொரித்தாலும் மனுஷன் வாங்க மாட்டான். தெற்கே தாவர எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நெவில் சாவுச் செய்தி கேட்டவன் மாதிரி தலையை ஆட்டுவான். எங்கள் கடையில் கடைசியாக இப்படி மணத்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு ஹாடக் மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வேன் கதவைச் சாத்தியதும் உள்ளே முழுக்க அந்த வாசம்தான். நெவில் தாளைப் பிரித்து, மீனை இரண்டாகப் பிட்டான். ஆவி பறந்தது, சதை ஏடு ஏடாகக் கழன்றது. "தோல உரிச்சிருக்கான், அது சரி" என்றான். துண்டை மூக்கருகே கொண்டுபோய் இழுத்து முகர்ந்தான். ஒரு வாய் வைத்து, மெதுவாக மென்று, விழுங்கினான். பிறகு சிரித்தான். பல மாதம் கழித்து அவன் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன்.

"தாவர எண்ணெய். நெனச்சேன். வாசமும் இல்ல, ருசியும் இல்ல, வெறும் மொறுமொறுப்பு. ஊரையே ஏமாத்துறான் படவா. எத்தன நாளைக்கு ஓடும்னு பாக்குறேன்."

நான் மெல்லுவதை நிறுத்தினேன். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு வேறு எது தப்பினாலும் இது தப்பாது. தெருமுனையில் நின்றே எந்தக் கடையில் எதைச் சட்டியில் போட்டிருக்கிறான் என்று சொல்கிறவன் என் புருஷன்.

"நெவில், அது மாட்டுக்கொழுப்பு."

"போடி. எங்கிட்டயா சொல்ற?"

"பெட்டியப் பாத்தேன். நாம வாங்குற பெட்டிதான். வாசம் வேன் பூரா தூக்குது. உனக்கு வரலயா?"

மறுபடி முகர்ந்தான். பிறகு பொட்டலத்தையே இரண்டு கையாலும் தூக்கி அதற்குள் முகத்தைப் புதைத்தான். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் மாவு ஒட்டியிருந்தது. துடைத்துவிடக் கை போனது, ஆனால் தொடப் பயமாக இருந்தது.

"எவ்வளவு நாளா வாசம் தெரியல?" என்று கேட்டேன்.

"எனக்கு அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுல இருந்து. ரெண்டு குளிர்காலம் ஆச்சு. தானா வந்துடும்னு இருந்தேன். சில நாள் காலைல வந்துட்ட மாதிரிகூட இருக்கும்."

கொழுப்பு கெட்டுவிட்டதா என்று பார்க்க அவன் தேதி குறித்து வைப்பவன் இல்லை. நிறத்தையும் நம்ப மாட்டான், நிறம் கடைசியில்தான் மாறும், வாடை முதலில் வரும் என்பான். தினமும் அடுப்பு மூட்டியதும் சட்டிமேல் குனிந்து ஒரு இழு இழுப்பான், அதுதான் பரீட்சை. இரண்டு வருஷமாக வெறுமனே குனிந்திருக்கிறான். ஜனம் குறையக் குறையக் கொழுப்பு சட்டியிலேயே கிடந்தது, கிடக்கக் கிடக்க ஜனம் குறைந்தது.

கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நம்ம சட்டி எப்படி இருக்கு?"

நன்றாகத்தான் இருக்கிறது என்று வாய்வரை வந்துவிட்டது. இத்தனை நாள் பழக்கம். ஆனால் இந்தக் கேள்வியை இப்போது விட்டால் அவன் இன்னொரு தடவை கேட்க மாட்டான், கடையும் மிஞ்சாது.

"காறல் வாடை அடிக்குது" என்றேன். "ஒன்றர வருஷமா."

வேறு ஒருத்தனாக இருந்தால் கத்தியிருப்பான். நெவில் விரலால் ஒரு சிப்ஸை அப்படியும் இப்படியும் உருட்டிக்கொண்டிருந்தான்.

"தெனமும் மொத மீன உனக்குத்தான பிட்டுக் குடுக்குறேன். எப்படி இருக்குன்னு கேக்குறேன்."

"ஆமா."

"நல்லாயிருக்குன்னு சொல்ற."

"ஒரு தடவ சொன்னேன் நெவில். கொழுப்ப மாத்தலாமேன்னு. சட்டி என் வேல, கவுண்டர் உன் வேலன்னு கரண்டியத் தூக்கிப் போட்டுட்டு மூணு நாள் பேசல நீ."

"மூணு நாள்தான பேசல" என்றான்.

வேண்டாத சண்டை எதற்கு என்று இருந்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டால் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன். வீடு அமைதியாகத்தான் இருந்தது. டோரினைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

"போன வருஷம் எங்க அண்ணன் அடக்கத்துக்கு வந்தவங்களுக்கு நூத்தியிருபது மீன் பொரிச்சேனே" என்றான். "எல்லாரும் வந்து கையப் புடிச்சு அருமைன்னு சொன்னாங்களே."

"சொன்னாங்க."

"தின்னாங்களா?"

அன்று மண்டபத்தில் தட்டுகளை எடுத்தது நான். காகிதக் கைக்குட்டைக்கு அடியில் மறைத்து வைத்திருந்த மீன்களை எல்லாம் குப்பையில் கொட்டியதும் நான்தான். "கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு" என்றேன். அவன் பொட்டலத்தை ஓரம் ஓரமாக மடித்து மூடி, வேனைக் கிளப்பினான்.

அன்று சாயங்காலமே இரண்டு சட்டியையும் வடித்தான். நான் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்றான். சோடாத்தூள் போட்டுக் கொதிக்கவைத்து, கையை முழங்கைவரை விட்டுத் தேய்த்தான். வெள்ளிக்கிழமை காலையில் புதுப்பெட்டி பிரித்து வெள்ளைக் கட்டிகளை அடுக்கினான். பதினொன்றரைக்குக் கதவைத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்க உருளைக்கிழங்கு மூட்டையை முட்டுக்கொடுத்தேன். முதல் மீன் சட்டியில் இறங்கியதும் வாசம் எழுந்தது. மேட்டுத்தெரு முழுக்கப் போயிருக்கும். எதிர்ச்சாரியில் நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு பாலத்துப் பக்கம் இறங்கிப் போனார்கள். ஒருத்தன் நின்று எங்கள் பக்கம் பார்த்தான். கையை ஆட்டினான். போய்விட்டான்.

நெவில் மீனை எடுத்து வடியவைத்து, ஒரு துண்டு பிட்டு என்னிடம் நீட்டினான்.

"எப்படி இருக்கு?"

மென்றேன். இத்தனை வருஷத்தில் அவன் இவ்வளவு நன்றாகப் பொரித்து நான் சாப்பிட்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

"நல்லாயிருக்கு நெவில்" என்றேன். "நெசமாத்தான் சொல்றேன். நேத்து வாங்கினத விட நல்லாயிருக்கு."

அவன் என் முகத்தையே பார்த்தான். கண்ணைப் பார்த்தான், வாயைப் பார்த்தான், மறுபடி கண்ணைப் பார்த்தான். இத்தனை நாள் பொய் சொன்னதும் இதே முகம்தான். பிறகு கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களிடம் சிரிக்கிற சிரிப்பை என்னிடம் சிரித்தான்.

"ரொம்ப நன்றி கண்ணு" என்றான்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு குனிந்து, முதல் சட்டியின் அடுப்பை அணைத்தான். அப்புறம் இரண்டாவதை. திறந்திருந்த கதவு வழியாக வாசம் இன்னும் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.