அளவுக்கு வந்த சேட்டு

பேச்சு முடிந்த மாப்பிள்ளைக்கு முதல் பெருநாள் உடுப்பைப் பெண் வீட்டார்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குப் பேசிய சாலிஹ் மச்சானின் உம்மா, அளவு பார்ப்பதற்காக அவருடைய நீலச் சேட்டு ஒன்றைத் தேய்த்து மடித்து அனுப்பியிருந்தார். எடுக்கும் உடுப்பு இறுகினாலும் தொங்கினாலும் ராத்தாவுக்குத்தான் பேச்சு வரும்.

எங்கள் உம்மா சுனாமியில் கடலோடு போய் ஐந்தாவது நோன்பு மாதம் அது. கலியாணப் பெண் கடைக்குப் போகக் கூடாது. அதனால் வாப்பாவோடு நான் போனேன்.

சண்டை முடிந்து பாதை திறந்ததில் கல்முனைக் கடைகளுக்குக் கொழும்பிலிருந்து லொறிகள் நேராக வரத் தொடங்கியிருந்தன. ஹமீட் காக்காவின் கடையில் வாப்பா முதலில் மினுங்குகிற வெள்ளைச் சேட்டைத் தொட்டார்.

"அத வையுங்க காக்கா. அதப் போட்டா மாப்பிள்ள பேண்ட் வாத்தியம் அடிக்கப் போற மாதிரி இரிக்கும்" என்று சிரித்த ஹமீட் காக்கா, உள்ளேயிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். "வெளிநாட்டுக்குத் தைச்சதில மிஞ்சின சாமான். தொட்டுப் பாருங்க."

பருத்திச் சேட்டு. பச்சையும் சாம்பலும் கலந்த கட்டம். நான் அப்படியொரு தையலைக் கண்டதில்லை. பையில் இருந்த கட்டம் நெஞ்சுக் கட்டத்தோடு கோட்டுக்குக் கோடு சேர்ந்திருந்தது. பை இருப்பதே தெரியவில்லை. உள்பக்கம் புரட்டினேன். ஒரு நூல்கூட வெளியே நீட்டவில்லை. ஓரங்களை மடித்து இரண்டு வரி தையல் ஓட்டியிருந்தார்கள். அடியில் மேலதிகமாக ஒரு பொத்தான். ஆடம்பரமே இல்லாத சேட்டு, ஆனால் கையை எடுக்க மனம் வரவில்லை. அதற்குப் பொருத்தமாகக் கீழே போட மண் நிறத்தில் தடித்த துணியில் ஒரு களிசானும் எடுத்தோம்.

ஹமீட் காக்கா நீலச் சேட்டை விரித்து அளந்தார். "எக்ஸ்ட்ரா லார்ஜ். ஒவ்வொரு அளவிலயும் ஒண்டுதான் இரிக்கி. பெருநாளைக்கு முந்தி இனி லொறி வராது, மாத்தவும் ஏலா."

சாலிஹ் மச்சான் எங்கள் கிணற்று மோட்டர் திருத்த வந்தபோது கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். மெலிந்த மனிதர். ஆனால் ராத்தாவின் மாப்பிள்ளையைப் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

"வாப்பா, அது பெரிசு."

"உனக்கு எப்பிடிப் புள்ள தெரியும்?"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். நான் நீலச் சேட்டின் கையை இழுத்துக் காட்டினேன். "இதப் பாருங்க. மூணு மடிப்பு மடிச்ச கோடு. தேய்ச்சும் போகல்ல. கழுத்துப் பொத்தான் ஓட்ட இன்னும் புதுசு, ஒரு நாளும் பூட்டல்ல. இது அவருக்குத் தைச்ச சேட்டில்ல வாப்பா. உங்கட சேட்டு மாதிரித்தான்."

வாப்பா தன் கையைக் குனிந்து பார்த்தார். அகதி முகாமில் நிவாரணப் பையிலிருந்து கிடைத்த சேட்டு. அதுவும் மூன்று மடிப்பு. எந்த நாட்டு மனிதருக்கோ தைத்த உடுப்புகளைத்தான் கடல் வந்த அந்த வருடம் கரைச் சனம் முழுவதும் போட்டது. அதில் நல்லதைப் பார்த்து மச்சானின் உம்மா அனுப்பியிருக்கிறார்.

"மீடியம் குடு ஹமீட்" என்றார் வாப்பா.

"காக்கா, நல்லா யோசிங்க. சின்னப் புள்ளட கதையக் கேட்டு…"

"குடு எண்டு சொல்லுறன்."

பெருநாள் வரும்வரை எனக்கு விடியுமுன் சாப்பிடும் ஸஹர் சோறு இறங்கவில்லை. இறுகினால்? "துணியிலயும் மிச்சம் புடிச்சிட்டாங்க" என்பார்கள்.

பெருநாள் தொழுகை முடிந்து மச்சான் வந்தார். கதவுச் சீலைக்குப் பின்னால் ராத்தாவும் நானும். தோள் தையல் சரியாகத் தோளில் நின்றது. கை மடிக்கவில்லை, மணிக்கட்டில் பொத்தான் பூட்டியிருந்தார். மினுக்கம் எதுவும் இல்லை. ஆனாலும் தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"மாமா, எப்பிடி அளவு புடிச்சீங்க? உம்மா அந்தச் சேட்ட அனுப்பினது தெரிஞ்ச நேரம் எனக்கு உசிரே போயிட்டு."

"எங்கட வீட்டில ஒரு டெயிலர் இரிக்கா" என்றார் வாப்பா.

ராத்தா என் தொடையில் கிள்ளினாள். "கள்ளி! எத்தின தரம் பாத்த நீ?"

"சேட்டத்தான் பாத்த நான்."

மச்சான் போன பிறகு வாப்பா வட்டிலப்பத் தட்டோடு, நாங்கள் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்றார். தன் சேட்டுக் கையின் மடிப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கை, விரல் நுனிவரை தொங்கியது.

"எனக்கு என்ன அளவு புள்ள?"

"உங்களுக்கும் மீடியம்தான் வாப்பா."