எழுத்து அகன்ற கண்கள்

கீழ்வானில் எழுந்த கதிரவன், வழக்குமன்றத்துச் செங்கல் மதிலின் உச்சியைப் பொன்னாக்கி, அம்மதிலின் நிழலில் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய தெருவுக்குள் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தான். வேலை நாள்களில் கறுப்பங்கி அணிந்தோரும் அவர்பின் கலங்கிய முகத்தோடு விரைவோருமாய் நெரிபடும் அத்தெரு, ஞாயிறு புலர்ந்ததும் தன் பரபரப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பாய்களும் பலகைகளும் விரிந்து, அவற்றின்மேல் பழநூல்கள் குவிந்து, வேறோர் உலகமாய் மாறிவிடும். மேலட்டை இழந்த அகரமுதலிகள், செல்லரித்த செய்யுள் நூல்கள், எவரோ ஒருவர் தேர்வுக்கு அஞ்சி அஞ்சி அடிக்கோடிட்ட பாடநூல்கள், மணநாள் வாழ்த்து எழுதப்பட்டும் ஒருமுறையேனும் பிரிக்கப்படாத நெடுங்கதைகள் என, கைமாறிக் கைமாறி வந்த நூல்களெல்லாம் கரையேறிய பயணிகள்போல் களைத்துக் கிடந்து, தம்மை அடுத்து எடுத்துச் செல்லும் கையை எதிர்நோக்கியிருக்கும். நூலின்பம் நுகர்ந்த நல்லீர்! அத்தெருவில் கால்வைத்தவர் வெறுங்கையோடு மீள்வது எத்துணை அரிது என்பதை நும் வீட்டு நூலடுக்குகளே அறியும்.

அத்தெருவுக்குப் பதினெட்டு ஆண்டுகளாக ஒரு ஞாயிறும் தவறாமல் வந்துகொண்டிருந்தார் ஒரு பெண்மணி. அரசு மருத்துவமனையில் மருந்து வழங்கும் பணி அவருடையது. நின்றபடியே முதற்பக்கத்தை முழுவதும் படித்துப் பார்த்தன்றி எந்நூலையும் வாங்காதவராதலின், கடைக்காரர்கள் அவரை 'முதற்பக்கத்தம்மா' என்றே அழைத்தனர். அவ்வொரு பக்கத்தைப் படிக்கும்போது அவர் முகத்தில் தோன்றும் மாற்றங்களைக் கண்டே, நூல் விலைபோகுமா போகாதா என்பதை அவர்கள் கணித்துவிடுவர். புருவம் உயர்ந்தால் வாங்கிவிடுவார். உதடு சுருங்கினால் நூல் பாய்க்கே திரும்பிவிடும்.

அவரோடு எப்போதும் உடன் வருபவர் அவர் கணவருடைய தம்பி. தச்சுத்தொழில் செய்பவர், திருமணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர், அண்ணன் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளித் தம் பணிக்கூடத்தின் மாடியிலேயே குடியிருந்தவர். முதற்பக்கத்தை அவர் பொருட்படுத்துவதில்லை. மரத்தின் ஓட்டம் எப்படியிருக்கிறதென்று பலகையின் நடுவிலே இழைத்துப் பார்ப்பதுபோல, நூலை நடுவிலே பிரித்து நான்கு வரி படிப்பார். "முதல் பக்கத்துல எல்லாரும் ஒழுங்காத்தான் நடப்பாங்க அண்ணி. பொண்ணு பார்க்க வந்த மாதிரி. நடுவுல பாருங்க, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிப்பாங்க" என்பார். ஒரே நூலை இருவரும் படித்துவிட்டு, அடுத்த ஞாயிறன்று தெருமுனைத் தேநீர்க்கடையின் கால் ஆடும் விசிப்பலகையில் அமர்ந்து வழக்காடுவர். கதைமாந்தர் ஒருவர் செய்தது சரியா தவறா என்று அவர்கள் மூட்டும் சொற்போரைக் கேட்க, பக்கத்துப் பலகைக்காரர்கள் தேநீர் ஆறியதையும் மறந்து காத்திருப்பர். அம்மையார் விட்டுக்கொடுத்ததே இல்லை. தச்சரோ, தாம் சொன்னது சரியென்று எப்போதேனும் மெய்ப்பட்டுவிட்டால், அதை அண்ணன் முதல் அண்டை வீட்டார் வரை பறைசாற்றாமல் ஓயமாட்டார்.

அண்ணனுக்கோ நூல் என்றால் எட்டிக்காய். குழாய் பழுது பார்க்கும் அவர், "இந்த வீட்டுல புத்தகத்துக்குக் கட்டில் இருக்கு, எனக்குத்தான் பாய்" என்று வருவோரிடமெல்லாம் முறையிடுவார். ஆயினும் மனைவிக்கும் தம்பிக்கும் இடையே நடக்கும் சொற்போரைக் கேட்டபடி சோறு உண்ணாவிட்டால் அவருக்கு உண்டதுபோல் இராது.

இவ்வாறு இனிதே சென்ற நாள்களில் ஒரு கார்காலத் தொடக்கத்தில், தச்சரிடம் ஏதோ ஒரு மாற்றம் புகுந்தது. எவ்வளவு கிளறினாலும், "படிச்சேன் அண்ணி, நல்லாதான் இருந்துச்சு" என்பதற்கு மேல் அவர் வாய் திறப்பதில்லை. கதை முடிந்த பின்னும் கதைமாந்தரை உறங்கவிடாதவர் அவர்; அத்தகையவர் இப்படிச் சொன்னது அம்மையாரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஒரு வாரம், இரு வாரம், ஏழு வாரம் பொறுத்தார். தம்மோடு பேசுவதில் மைத்துனருக்குச் சலிப்புத் தட்டிவிட்டது என்ற எண்ணம் கறையான்போல் அவர் உள்ளத்தை அரித்தது. எட்டாம் ஞாயிறன்று, தேநீர்க்கடையில் பலர் சூழ்ந்திருக்கையில், நூலை மடிமீது வைத்துக்கொண்டு அமைதியாகக் கேட்டார்.

"தம்பி, அந்தத் தபால்காரன் கடைசியில செத்துப்போறானே, அது சரியா?"

தச்சர் சிறிது தயங்கினார். பின்பு, "சாகடிச்சிருக்க வேண்டாம் அண்ணி. பாவம்" என்றார்.

"அந்தக் கதையில தபால்காரனே கிடையாது."

சுற்றியிருந்தோர் சிலர் நகைத்தனர். அம்மையாரோ நகைக்கவில்லை, சினம் அவர் நாவை இழுத்துக்கொண்டு போயிற்று. "படிக்காமலே படிச்சேன்னு சொல்றதுக்கு, உங்களோட பேசப் பிடிக்கலை அண்ணின்னு நேரா சொல்லியிருக்கலாமே. நான் என்ன உன்னைக் கட்டியா வச்சிருக்கேன்?" என்றார். தச்சரின் முகம், சீவிய பலகைபோல் வெளிறியது. பாதி குடித்த தேநீரை விசிப்பலகையின்மேல் வைத்துவிட்டு, எவர் முகத்தையும் நோக்காமல் எழுந்து நடந்தார். வளைவில் திரும்பும்போது வலத்தோள் மதிலில் உரசியதையும் அவர் உணரவில்லை. அம்மையார் அதனைக் கண்டார், கண்டும் கூப்பிடவில்லை.

அடுத்த இரு ஞாயிறுகளிலும் தச்சர் வரவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் நண்பகல், மருந்து வாங்குவோர் வரிசை முற்றம் கடந்து நீண்டிருந்த வேளையில், சீட்டு நீட்டும் சிறு சாளரத்தின் வழியே மரத்தூள் படிந்த கையொன்று மடித்த தாளொன்றை உள்ளே நீட்டியது. அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் முறைப்படி நின்று, தம் முறை வந்ததும், மைத்துனர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"இதை நீங்க படிங்க அண்ணி. நான் எழுதினதுதான். ஆனா எனக்கே படிக்கத் தெரியல."

எள்ளுகிறார் என்றே அம்மையார் முதலில் எண்ணினார். தாளைப் பிரித்தார். பலகையில் அளவு குறிக்கும் கரிக்கோலால் எழுதிய, அவர் நன்கறிந்த உருண்டையான எழுத்துகள். ஆனால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு தொடர் இருமுறை எழுதப்பட்டிருந்தது. இறுதி வரி தாளின் ஓரத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டிருந்தது.

'அண்ணிக்கு. மூணு மாசத்துக்கு முன்னால ஒருநாள் காலையில தலை வலிச்சுது. செய்தித்தாளை எடுத்தா எழுத்தெல்லாம் புழு மாதிரி நெளியுது. பெரிய மருத்துவமனைக்குப் போனேன். மூளைக்குப் பின்பக்கம் ரத்தம் அடைச்சுப்போச்சாம். கண் நல்லாத்தான் இருக்கு, எழுத்து மட்டும் போயிடுச்சுன்னாங்க. எண்ணு தெரியுது, அதனால வேலை ஓடுது. எழுத வருது, எழுதினதைப் படிக்க வரல. திரும்பி வராதுன்னுட்டாங்க. தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை என்னைக் கூப்பிட மாட்டீங்கன்னு சொல்லல. தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை என்னைக் கூப்பிட மாட்டீங்கன்னு சொல்லல. உங்களோட பேசப் பிடிக்கலைன்னு மட்டும் நினைக்காதீங்க.'

எழுதியது நினைவிலின்றி, எழுதிய வரியைச் சரிபார்க்கவும் இயலாமல், அவர் நெஞ்சிலிருந்து இருமுறை வழிந்த அத்தொடரை அம்மையார் இருமுறையும் படித்தார். முப்பதாண்டுப் பணியில் ஒருநாளும் செய்யாததைச் செய்தார்: வரிசை நீண்டிருக்கையிலேயே சாளரத்தைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். முற்றத்து வேம்பின் கீழ் மைத்துனர் நின்றிருந்தார்.

"ஏண்டா, எங்கிட்டச் சொல்றதுக்கு உனக்கு மூணு மாசமா?" என்று கேட்டார். பதினெட்டு ஆண்டுகளில் 'டா' என்று அழைத்தது அதுவே முதன்முறை.

"எப்படி அண்ணி சொல்றது? எல்லாப் புத்தகத்தையும் வாங்கிட்டுப் போய், மடியில வச்சுக்கிட்டு, தடவிப் பார்த்துட்டு உட்காந்திருந்தேன். ஒரு நாளைக்காவது திரும்பிடும்னு பார்த்தேன்" என்றார் அவர்.

"தபால்காரன்னு கேட்டு உன்னை நாலு பேர் முன்னால..." என்று தொடங்கினார் அம்மையார்.

"அதை விடுங்க அண்ணி. நல்ல கேள்விதான். நானா இருந்தாலும் அப்படித்தான் மடக்கியிருப்பேன்" என்று சொல்லி, அழுகையும் நகையும் கலந்த முகத்தோடு தலைகுனிந்து நின்றார்.

அன்று மாலை முதல் அம்மையார் பணி முடிந்ததும் தச்சுக்கூடத்திற்குச் சென்று, இழைப்புளி சீவித் தள்ளிய மரச்சுருள்களுக்கிடையே முக்காலியிட்டு அமர்ந்து, உரக்கப் படிக்கத் தொடங்கினார். தச்சர் உளியை ஓட்டியபடி கேட்பார். ஆனால் பத்து நாள் கழிந்ததும் மெல்லச் சொன்னார்: "குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. உங்க குரல்ல கேட்டா எல்லாரும் நல்லவங்களாயிடறாங்க. அந்த வட்டிக்காரன் பேசறப்பகூட உங்களுக்கு இரக்கம் வந்துடுது. அப்புறம் நான் எங்க சண்டை போடறது?"

அம்மையார் திகைத்தார். ஆய்ந்து பார்க்க, அது மெய்யென்றே தோன்றிற்று. ஒரு பக்கத்தை ஒருவர் தாமே படிக்கையில், ஆங்குள்ளோரின் குரலைத் தாமே படைத்துக்கொள்கிறார். பிறர் வாயால் கேட்கையிலோ, அவ்வுரிமையைப் பிறரே கைக்கொண்டுவிடுகிறார். மைத்துனர் இழந்தது எழுத்தை மட்டுமென்று எண்ணியிருந்தவருக்கு, இழப்பின் முழு அளவு அப்போதுதான் புலனாயிற்று. அன்று முதல் ஏற்றமும் இறக்கமுமின்றி, மருந்துச் சீட்டிலுள்ள அளவுகளை வாய்விட்டுச் சொல்வதுபோல் சமனான குரலில் படிக்கப் பழகினார். எளிதன்று அது, கண்ணீர் வரும் இடத்திலும் குரல் தளரலாகாது. ஒருநாள் ஒரு கதையில் தாயொருத்தி இறக்கும் பக்கத்தை அவ்வாறே படித்து முடித்தபோது, உளியோசை நின்றிருந்தது. தச்சர், "அந்த அம்மா செத்தது அவ்வளவு பெரிய விசயமில்ல. மூத்த மகன் மறுநாளே ஒண்ணும் நடக்காத மாதிரி கடைக்குப் போறானே, அதுதான் கொடுமை" என்றார். அம்மையார் உடனே மறுத்தார். சொற்போர் மூண்டது. வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. தேடிவந்த கணவர் வாயிலில் நின்று, இருவர் குரலும் மோதுவதைக் கேட்டு, உள்ளே வராமலே முகமலர்ந்து திரும்பிப் போனார்.

ஞாயிறுகளும் மீண்டன. பாய்களினிடையே குனிந்து தச்சர் ஒரு நூலை எடுத்து நடுவிலே பிரித்து நீட்டுவார். அம்மையார் நான்கு வரி படிப்பார். தச்சர் கண்மூடிக் கேட்டு, 'வேண்டும்' என்றோ 'வேண்டா' என்றோ தலையசைப்பார். இவ்வாறு இரண்டாண்டுகள் சென்றன.

இறுதியாக அவர்கள் படித்தது ஒரு படகோட்டியின் கதை. தன் சொல்லை மீறிப் போன மகளை வீட்டைவிட்டு விரட்டியவன் அவன். ஆண்டுகள் பல கடந்து, மகள் நோயுற்றுத் திரும்பி வருகிறாள் என்னும் செய்தி அவன் செவிக்கு எட்டுகிறது. "கதவைத் திறக்க மாட்டான்" என்றார் அம்மையார். "அவனுக்கு ஊரைவிட வீம்பு பெருசு. முன்னூறு பக்கமா அதைத்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க."

"திறப்பான் அண்ணி. முன்னூறு பக்கமா ஒருத்தன் கதவையே பார்த்துக்கிட்டு உட்காந்திருக்கான். திறக்காதவன் எதுக்குக் கதவைப் பார்க்கணும்?"

"பார்க்கலாம், பார்க்கலாம். முப்பது பக்கந்தான் இருக்கு. நாளைக்கு முடிச்சிடலாம்" என்று நூலை மடக்கி எழுந்தார் அம்மையார்.

மறுநாள் முற்பகலில், நாற்காலிக்குக் கால் பூட்டிக்கொண்டிருந்த தச்சர், இருந்த இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்தார். முன்பு எழுத்தைப் பறித்துச் சென்ற அடைப்பு, இம்முறை உயிரையே கேட்டு வந்துவிட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது, அம்மையார் சாளரத்துள் எவருக்கோ மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது, அவர் கையால் எடுத்துக் கொடுக்க ஒரு மருந்தும் தேவைப்படவில்லை என்று பின்பு அவருக்குச் சொன்னார்கள்.

இருபது நாள் அந்நூலை அவர் தொடவில்லை. இருபத்தோராம் நாள் மாலை, வீட்டுக் கூடத்தில் தனியே அமர்ந்து, எஞ்சிய பக்கங்களை வாய்திறவாமல் படித்தார். இறுதிப் பக்கத்தில் மகள் வாசலில் வந்து நிற்கிறாள். தட்டுவதற்கு அவள் கை உயர்த்துமுன்னரே, படகோட்டி கதவைத் திறந்துவிடுகிறான். அவ்வளவே, அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

அம்மையார் நூலை மூடினார். பின்கட்டில் கசியும் குழாயோடு மல்லாடிக்கொண்டிருந்த கணவரிடம் சென்று நின்றார்.

"உங்க தம்பி சொன்னதுதான் சரி. அவன் கதவைத் திறந்துட்டான்."

"எவன்?" என்றார் கணவர்.

அம்மையார் சொல்லத் தொடங்கினார். படகோட்டியையும், மகளையும், வீம்பையும், தச்சுக்கூடத்தில் நடந்த வழக்கையும் ஒன்றுவிடாமல் உரைத்தார். வாழ்நாளில் ஒரு நூலையும் முழுதாகக் கேட்டறியாத அம்மனிதர், ஈரக்கையோடு தரையில் அமர்ந்து, இறுதிவரை இடைமறிக்காமல் கேட்டார். பின்பு, "இது மட்டும் அவனுக்குத் தெரிஞ்சிருந்தா, ஒரு மாசத்துக்கு நம்மளத் தூங்க விட்டிருக்க மாட்டான்" என்றார். குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருக்க, இருவரும் எழாமல் இருந்தனர்.

அம்மையார் இன்றும் ஞாயிறுதோறும் அத்தெருவுக்குச் செல்கிறார், நூல் வாங்குகிறார், அவற்றின் இன்பமும் குறையவில்லை. நூலைத் தனித்திருந்து படித்தல் எவர்க்கும் ஆகும். படித்ததில் தோற்பதற்கு மட்டும் மற்றொருவர் வேண்டியிருக்கிறது. இருபதாண்டு வழக்கில் ஒருமுறையும் வளையாத அவர் நா, முதன்முறையாக வளைந்து 'நீயே வென்றாய்' என்று சொல்ல விழைந்த அன்று, அச்சொல்லைக் கேட்டு மகிழும் செவி மண்ணுக்குள் அடங்கிவிட்டிருந்தது.