மூன்றாம் இலக்கம்

ஜெசிதா தொலைபேசியில் அழைத்தபோது நான் டென்மார்க்கில் இருக்கும் ஒரு பல்வைத்தியரின் இணையத்தளத்துக்கு நீல நிறம் தேடிக்கொண்டிருந்தேன். நான் காட்டிய எந்த நீலமும் அவருக்குப் பிடிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் நம்பிக்கை தரும் நீலமாக வேண்டும்" என்று எழுதியிருந்தார். நீர்வேலியில், வாழைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு மின்விசிறியின் கீழ் இருந்துகொண்டு, கண்ணால் காணாத ஊர்ப் பல்லுகளுக்கு நம்பிக்கை கொடுப்பதுதான் என் தொழில். அம்மா அயலட்டைக்கு இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: "உவன் கொம்பியூட்டருக்குப் பவுடர் பூசுறவன்." நான் படித்த எந்தப் புத்தகமும் என் வேலையை இவ்வளவு சரியாக விளக்கியதில்லை.

"கஜானன் அண்ணை, ரீவியிலை எல்லாம் கோணிப்போச்சு," என்றாள் ஜெசிதா. யாழ்ப்பாணக் கரையில் இருக்கும் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தின் எழுதுவினைஞர் அவள். எந்த வள்ளம் கடலில், போய் எத்தனை மணித்தியாலம், எந்த வள்ளம் கரையில் என்று சங்கத் தொலைக்காட்சியில் காட்டும் ஒரு செயலியை நானும் ஒரு மென்பொருள் பொறியியலாளரும் அந்தச் சங்கத்துக்காகச் செய்திருந்தோம். அதன் முகத்துக்குப் பவுடர் பூசியவன் நான்.

"என்னெண்டு கோணினது?"

"ஒரு ஆளின்ரை பெட்டி பெருத்து மற்ற ஆக்களைக் கீழை தள்ளுது. அரைவாசிப் பேர் திரையிலையே இல்லை."

"நிப்பாட்டிப் போட்டுப் பாத்தனியோ?"

"பாத்திட்டன். அது பிலிப்பு அண்ணையின்ரை பெட்டி. மணித்தியாலம் நூறு வந்தவுடனை..." அவள் நிறுத்திவிட்டாள்.

"ஓ, அது ஒண்டுமில்லை. நான் ரெண்டு இலக்கத்துக்குத்தான் இடம் விட்டனான்," என்று சொல்லிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு எனக்கே கேட்டது. ஒரு மனிதன் கடலுக்குப் போய் நூறு மணித்தியாலம் என்றால் என்ன என்பது அதற்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது. இரண்டு நாட்களுக்கு முன்னர் முகநூலில் ஒரு வள்ளத்தின் படத்தையும் பக்கத்தில் ஒரு மனிதரின் படத்தையும் பார்த்த ஞாபகம் வந்தது. அழுகிற முகம் ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருந்தேன். அது எந்தக் கரை என்று பார்க்கவில்லை.

மோட்டார் சைக்கிளில் போகும்போது, எங்கே பிழைவிட்டேன் என்று யோசித்துக்கொண்டே போனேன். வேலையாகப் பார்த்தால் பிழை இல்லை. எழுத்துகள் முற்றத்தில் நிற்பவருக்கும் தெரியும் அளவு பெரிதாக இருந்தன. கடலில் இருப்பவர்கள் திரையின் மேல்பாதியில், போய் அதிக நேரமானவர் முதலில். கரையில் இருப்பவர்கள் கீழ்ப்பாதியில். கடலில் உள்ள ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வள்ளம், அசையவேண்டியதை விடக் கொஞ்சம் குறைவாக அசையும். அந்த அசைவைச் சரிபண்ண நான் ஒரு கிழமை மினக்கெட்டேன். கடலில் கால் வைத்தால் தலை சுற்றுகிற ஒருவன், அலை எப்படி அசையவேண்டும் என்று ஒரு கிழமை யோசித்திருக்கிறான்.

முதல் வரைவில் சிவப்பாக ஒரு பொத்தானும் இருந்தது. சங்கக் கூட்டத்தில் காட்டியபோது, தலைவர் மரியரட்ணம் அண்ணைதான் அதைக் கண்டுபிடித்தார்.

"தம்பி, உந்தச் சிவப்பு என்னத்துக்கு?"

"ஆரும் சொன்ன நேரத்துக்கு வராமல் விட்டால், அண்ணை..."

"எடுங்கோ."

"ஒரு அவசரத்துக்கு..."

"தம்பி, எங்கடை வீடுகளிலை வெளிக்கிடேக்கை 'போறன்' எண்டே ஆரும் சொல்லுறேல்லை. நீங்கள் சாவுக்கு ஒரு பட்டன் கொண்டந்து தாறியள்."

"உதை ஆர் அமத்துறது? செத்தவன் வந்தோ?" என்று பின்னால் யாரோ கேட்க, கூட்டம் முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பொத்தானுக்கு நான் வைத்திருந்த சொல்லும் அப்படி ஒன்று, 'காணவில்லை'. அந்தச் சொல்லின் கீழ் எழுத எங்கள் ஊர்களில் ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். எடுத்துவிட்டேன். ஆட்கள் வந்து சொல்ல ஜெசிதா தன் மேசைக் கணினியில் அமத்துவதற்கு இரண்டு பொத்தான்கள் மிஞ்சின: கடலுக்குப் போகும்போது 'போட்டு வாறன்', திரும்பினால் 'வந்திட்டன்'. பொத்தான் குறைந்தால் திரைக்கு வடிவு கூடும் என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு.

சங்கக் கட்டடத்துக்குள் மரியரட்ணம் அண்ணை தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கண்கள் சிவந்து, உதடு உப்பில் வெடித்திருந்தது. அவரும் தேடப் போயிருந்தார் என்பது கேட்காமலே தெரிந்தது. திரையின் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரை வெறுமையாக இருந்தது.

"அற்புதராணி இருக்கிற கதிரை," என்றாள் ஜெசிதா மெதுவாக. "பிலிப்பு அண்ணையின்ரை மனிசி. விடிய வந்தால் மத்தியானம் வரைக்கும் உதிலை இருந்து அந்த வள்ளம் ஆடுறதையே பாத்துக்கொண்டிருப்பா. பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வாற நேரம் மட்டும் வீட்டை போவா."

"இப்ப அவள் இல்லை. இப்பவே உதை எடுத்துவிடு தம்பி," என்றார் மரியரட்ணம் அண்ணை.

"பெட்டியைப் பெருப்பிச்சால் சரி, அண்ணை. மற்றப் பேரெல்லாம் திரும்பித் தெரியும்."

"பெட்டி இல்லை. பேரை எடு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நேற்றுப் பெடியள் சிலபேர் பதியாமல் கடலுக்குப் போயிருக்கிறாங்கள். உந்தப் பேருக்குக் கீழை தங்கடை பேர் வரக்கூடாதாம். பதியாமல் போய் இன்னொருத்தன் வராமல் விட்டால் நான் எங்கையெண்டு தேட? பிலிப்புவை நெடுந்தீவுக்கு அங்காலையும் போய்த் தேடினனாங்கள். நேவியும் தேடிப்போட்டு விட்டிட்டுது. பாதர் ஆத்துமசாந்திப் பூசை வைப்பம் எண்டுறார், அவள் மாட்டன் எண்டுறாள். நான் என்ன செய்ய?"

நான் மடிக்கணினியைத் திறந்தேன். பயம் வந்தால் வைத்தியர்கள் கண்ணாடியைத் துடைப்பார்கள், நான் மாதிரிகள் வரைவேன். பேரைச் சாம்பல் நிறமாக்கலாம். வள்ளம் ஆடுவதை நிறுத்தலாம். அடியில் ஒரு கோடு போட்டுப் பிரிக்கலாம். ஒவ்வொன்றையும் காட்டக் காட்ட அது இன்னும் அசிங்கமானது. சாம்பல் நிறத்தில் எத்தனை வகை இருக்கிறது என்று அந்த மனிதருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை நினைக்க இப்போதும் கூசுகிறது.

"இல்லாட்டில் வேறை பக்கத்திலை வைக்கலாம்," என்றேன் கடைசியாக. "பட்டன் அமத்தினால் மட்டும் தெரியிற மாதிரி."

"அப்ப அவள் வந்து புருசனைப் பட்டன் அமத்திப் பாக்கோணுமோ?"

அவர் என்னையும் என் சாம்பல் நிறங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜெசிதாவின் மேசைப்பக்கம் குனிந்து மவுஸைப் பிடித்தார். "அண்ணை, அமத்தாதேங்கோ," என்று அவள் சொல்லி முடிக்க முதல் அமத்திவிட்டார். பேரைக் கடலில் இருந்து எடுப்பதற்கு அந்தச் செயலியில் ஒரு வழிதான் இருந்தது. நான் விட்டுவைத்த வழி. 'வந்திட்டன்'.

பெருத்த பெட்டி சுருங்கியது. தள்ளப்பட்டுக் கிடந்த பேர்கள் மேலே ஏறி, ஒன்றன்கீழ் ஒன்றாக நூல் பிடித்தது போல நின்றன. பிலிப்புவின் பேர் கரைக்காரரோடு கீழே போய் அமைதியாகச் சேர்ந்துகொண்டது. திரை வடிவாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அண்ணை," என்றாள் ஜெசிதா. "மெசேஜ் போயிருக்கும்."

ஒருவர் கரைக்கு வந்ததாகப் பதிந்தவுடன் அவர் வீட்டில் இருப்பவரின் கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். மென்பொருள் பொறியியலாளர் முதலில் 'தங்கள் படகு கரையை அடைந்துள்ளது' என்றுதான் எழுதியிருந்தார். அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் மாதிரி இருக்கிறது, மனிசர் கதைக்கிற மாதிரி இருக்கவேண்டும் என்று நான்தான் சண்டை பிடித்து மாற்றினேன். 'வந்திட்டன். சோத்தைப் போடு.' கரையில் அதற்கு நல்ல வரவேற்பு. பெண்கள் ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தார்கள். வேலை தேடும்போது நான் அனுப்புகிற விபரக்கோவையில், 'பயனரின் மனதைத் தொடும் வடிவமைப்பு' என்ற தலைப்பின் கீழ் இருப்பதும் அந்த வரிதான்.

"திருப்பி எடுக்கேலாதோ?" என்று கேட்டார் மரியரட்ணம் அண்ணை.

"ஏலாது," என்றேன்.

ஜெசிதா அற்புதராணியின் எண்ணுக்கு அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அந்த மணிச் சத்தம் இப்போது வெளியே, ஒழுங்கையில் கேட்டது. கிட்டக் கிட்ட வந்தது.

அற்புதராணி கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தாள். காலில் செருப்பு இல்லை. இடக்கையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. வலக்கை முழங்கை வரைக்கும் நனைந்து, விரல்களில் அரிசி ஒட்டியிருந்தது.

"இறங்குதுறையிலை ஆளைக் காணேல்லை," என்றாள் மூச்சு வாங்க. "இஞ்சை வந்தவரோ? உள்ளை நிக்கிறாரோ?"

சோளகக் காற்றுக்கு மேலால் கூப்பிட்டு அடுத்த வள்ளத்தோடு கதைக்கக்கூடிய மரியரட்ணம் அண்ணை நிலத்தைப் பார்த்தார்.

"அக்கா, அது பிழையாப் போனது," என்றேன். "திரையைச் சரிப்பண்ணேக்கை, பட்டன் ஒண்டு..."

"ஆர் அனுப்பினது?"

"மெசின்தான் அக்கா." அதோடு நிறுத்தியிருக்கலாம். "எழுதினது நான்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் வழி கேட்க வந்தவள் போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு தொலைபேசியை இன்னொருதரம் வாசித்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "அந்த மனிசன் ஒருநாளும் சோத்தைப் போடு எண்டு என்னைக் கேட்டதில்லை. வந்து தானே போட்டுத் தின்னும். உது அவரின்ரை கதை இல்லை எண்டு வாசிச்ச உடனையே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கூட ஒரு சுண்டு அரிசி போட்டுக் களைஞ்சனான்."

ஜெசிதா வாயைப் பொத்திக்கொண்டாள். அற்புதராணி தொலைக்காட்சியை நிமிர்ந்து பார்த்தாள். மேலிருந்து கீழாக ஒவ்வொரு பேராகத் தேடினாள். கீழே, கரையில் உள்ளவர்களோடு, கண்டாள்.

"உதிலை ஏன் போட்டனீங்கள்? அவர் கரையிலை இல்லையே."

"பிள்ளை, அற்புதம்," என்று தொடங்கினார் மரியரட்ணம் அண்ணை. "இனி..."

"நீங்கள் தேடினனீங்கள் அண்ணை. நித்திரை கொள்ளாமல் தேடினனீங்கள். எனக்குத் தெரியும். இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ." என் பக்கம் திரும்பினாள். "இருந்த இடத்திலை போடுங்கோ."

"போடலாம் அக்கா. ஆனால் இப்ப பதிஞ்சால் இப்பத்தான் வெளிக்கிட்ட மாதிரி, சைபரிலை இருந்து தொடங்கும். பழைய நேரத்தை எடுத்துப் போட எனக்குக் கொஞ்ச நேரம் வேணும். பெட்டியையும் பெருப்பிச்சு விடுறன். மூண்டு இலக்கத்துக்கு."

"சைபர் எண்டால்?"

"இப்ப போன மாதிரி."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். வெளியே யாரோ வள்ள இயந்திரமொன்றின் கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். அது இருமி நின்றது.

"அப்பிடியே இருக்கட்டும்," என்றாள். "எது பட்டன்?"

ஜெசிதா எழுந்து கதிரையை விட்டாள். அற்புதராணி உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து, நனைந்த கையால் மவுஸைப் பிடித்து, ஜெசிதா விரல் காட்டிய இடத்துக்கு மெல்ல மெல்ல நகர்த்தி, 'போட்டு வாறன்' என்பதை அமத்தினாள். கடலில் உள்ளவர்களின் கடைசியில் பிலிப்புவின் பேர் வந்தது. பக்கத்தில் ஒரு பூச்சியம். வள்ளம் ஆடத் தொடங்கியது. அது மூன்று தரம் ஆடும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"களைஞ்ச அரிசி கிடக்குது. பிள்ளை பசியோடை வரும்," என்று ஜெசிதாவுக்கு மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியால் போனாள். இந்தமுறை ஓடவில்லை.

மரியரட்ணம் அண்ணை வெளியே போய்ச் சுவரோடு நின்றார். நான் மடிக்கணினியை மூடினேன். மறுபடி திறந்தேன். டென்மார்க்கில் இருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது, நீலம் விஷயமாக. மூடினேன்.

யன்னலுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். சிமியோன் என்று ஜெசிதா சொன்னாள், நேற்றுப் பதியாமல் கடலுக்குப் போனவர்களில் ஒருவர். கையில் எண்ணெய்க் கலன். ஒழுங்கையில் அற்புதராணி போவதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தொலைக்காட்சியைப் பார்த்தார்.

"தங்கச்சி, என்னையும் போட்டுவிடு," என்றார்.

ஜெசிதா மவுஸை நோக்கிக் கை நீட்டி, நிறுத்தினாள். அதன் முதுகில் இரண்டு மூன்று அரிசி ஒட்டியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். மவுஸைத் தொடாமல், கீழ்ப்பாதியில் இருந்த சிமியோனின் பேருக்குப் போக, நான் கீபோட்டை என் பக்கம் இழுத்து அம்புக்குறி விசையை அமத்தினேன். திரையில் ஒரு மெல்லிய சட்டம் முதல் பேரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு பேராகக் கீழிறங்கியது. பிலிப்புவின் பேரடியில் வந்தபோது என் விரல் நின்றது. ஆடுகிற வள்ளத்தைச் சுற்றிச் சட்டம் அசையாமல் நின்றது. யன்னலடியில் சிமியோன், கலனைக் கீழே வைக்காமல், தன் பேருக்குக் காத்துக்கொண்டு நின்றார்.