போன வருஷத்து மழை

1.
இந்தக் கதை என்னுடையது இல்லை. பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண் போனில் யாரையோ அதட்டினாள்: “இப்ப ஓடுறது போன வருஷத்து மழைடா.” அவ்வளவுதான் காதில் விழுந்தது. மீதியை நான்தான் பேசவைக்க வேண்டும். அலுப்பாக இருக்கிறது.

2.
‘மழை பொய்த்தது. ஆறு வறண்டது. மக்கள்…’

(அடித்துவிட்டேன். மழை பொய்த்த மறுநாளே எந்த ஆறும் வறளாது.)

அவளை ஆற்று நீரளவு அலுவலகப் பொறியாளராக்கினேன். அவள் பொறுப்பில் இரண்டு ஆறுகள். மேற்கு ஆறு பாறை நிலத்தில் பிறப்பது. மழை நின்றால் ஒரே மாதத்தில் தரை தெரியும், பெய்தால் இரண்டே நாளில் புரளும். கிழக்கு ஆற்றுக்கு மணற்பாங்கான நிலம். பெய்ததை உள்ளே வாங்கி மாதக்கணக்கில் கசியவிடும். இந்த வருஷம் மழை குறைவு. போன வாரம்தான் ஒரு மழை.*

* அலுவலகப் படிவத்தில் ‘மழை பெய்ததா?’ என்று ஒரு கட்டம் உண்டு. போன வாரம் அதில் ‘ஆம்’ என்று நிரப்பியவளும் அவள்தான்.

3.
போனில் இருந்தவன் அவள் தம்பி. கிழக்கு ஆற்றங்கரை விவசாயி. முதலில் பேராசைக்காரனாக எழுதினேன். வாயைத் திறந்தான், அந்தத் திட்டம் கெட்டது.

“மேற்காத்துல தண்ணி பாலத்தைத் தொட்டுக்கிட்டுப் போகுது. நீ என்னடான்னா இங்க மோட்டார் போடக் கூடாதுன்னு எழுதப் போறியாம்.”

“அந்த மழையைக் காஞ்ச மணலே குடிச்சிருச்சுடா. உன் ஆத்துல ஓடுறது போன வருஷத்து மழை. வாராவாரம் மட்டம் இறங்குது.”

“ஓடுதில்ல?”

“ஓடுது.”

“ஓடுற ஆத்துக்கு இரங்கல் எழுதுற ஆளு நீ ஒருத்திதான்க்கா.”

“ஊரே அதைத்தான் குடிக்குது.”

“வெங்காயம் நட்டுப் பத்து நாள்தான் ஆச்சு.”



4.
முடிவு அ: தடையில் கையெழுத்துப் போடுகிறாள். வெங்காயம் கருகுகிறது. தம்பி பேச்சை நிறுத்திவிடுகிறான்.

முடிவு ஆ: போடவில்லை. இரண்டு மாதத்தில் ஊர்க் குழாய்களில் வெறும் காற்று.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று நான் தடுமாறும்போது அவனே குறுக்கிட்டான்:

“சரிக்கா, போடு. ஆனா நாளைக்குப் போடு. இன்னிக்கு ஒரு நாள் இறைச்சுக்கிறேன்.”

அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: ‘சரி’ என்று எழுதினால், அந்தக் கரையில் மோட்டார் வைத்திருக்கும் மற்ற நாற்பது பேரிடமும் நீங்களே போய் அதைச் சொல்ல வேண்டும்.