ஐந்து மாத வித்தியாசம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே இறகுப்பந்து கிளப்பின் நான்கு கோர்ட்டுகளும் நிறைந்துவிட்டன. ஷூக்கள் தரையில் கீச்சிட்டன. யாரோ அடித்த ஷட்டில் விளக்கின் மேல் போய் உட்கார்ந்துகொள்ள, அதை இறக்க இரண்டு பேர் ராக்கெட்டை வீசிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் எதையும் கவனிக்கவில்லை. வாசலருகே இருந்த மேசையில், மகனைச் சேர்ப்பதற்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவியும் மகனும் நின்றார்கள்.

கிளப்பில் அவருக்குத் தனி மரியாதை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் போட்டியில் இரண்டு வருடமாக அவர் மகள்தான் கோப்பை வாங்குகிறாள். அவள் ஸ்மாஷ் அடித்தால் எதிரே நிற்கும் குழந்தைகள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

படிவத்தை வாங்கிய செயலாளர் தபால் இலாகாவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். எதையும் வாய்விட்டுப் படிப்பது அவர் பழக்கம். மகளின் பழைய படிவத்தையும் எடுத்து அருகில் வைத்துக்கொண்டார்.

“பொண்ணு மார்ச் மாசம். பையன் ஆகஸ்ட்.” விரலை மடக்கினார். “ரெண்டும் ஒரே வருஷமா இருக்கே. அஞ்சு மாசம்தான் வித்தியாசம் வருது சார்.”

பெஞ்சில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் தலையைத் தூக்கினார். “அண்ணே, உங்களுக்கு வீடு ஒண்ணுதானா, ரெண்டா?”

நாலு பேர் சிரித்தார்கள். மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நடந்தது இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் மகளைச் சேர்க்க வந்தபோது, “பாக்கறதுக்குச் சின்னப் பொண்ணாத்தான் இருக்கா. ரெண்டு வயசு கொறச்சுப் போடுங்க. ஊர்ல எல்லாரும் செய்யறதுதான்” என்றார் பயிற்சியாளர். கண்ணாடிக்கடைக்காரர் பிறப்புச் சான்றிதழின் நகலில் ஓர் எண்ணைத் திருத்தினார். “பெத்தவ நான் இருக்கேன், எனக்குத் தெரியாத தேதியா?” என்று மனைவி தடுத்துப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னாலேயே ஒரு தம்பி வருவான், அவனுக்கும் ஒரு பிறந்த தேதி இருக்கும் என்பது அப்போது அவர் மூளைக்கு எட்டவில்லை.

இப்போது, “பையன் வருஷத்தைத் தப்பா எழுதிட்டேன் போல” என்று செயலாளரிடமிருந்து படிவத்தைத் திரும்ப வாங்கினார். பயிற்சியாளர் ஓசைப்படாமல் அருகில் வந்து காதைக் கடித்தார்: “பையனுக்கும் ஒரு வருஷம் கொறச்சிடுங்க. கணக்கு நேராயிடும்.”

ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். அவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

“அப்பா, எனக்கும் வேற பொறந்தநாளா?” என்றான் மகன். அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

ஆட்டத்தை விட்டுவிட்டு மகள் வந்து நின்றிருந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள். “வேணாம்பா. அவனையாவது விட்டுடுங்க. ஒவ்வொரு தடவ ஜெயிக்கும்போதும் நான் நல்லா ஆடித்தான் ஜெயிச்சேனா, இல்ல பெரியவளா இருக்கறதால ஜெயிச்சேனான்னு எனக்கே தெரியல. கப்பை வீட்ல பாக்கவே புடிக்கலப்பா.”

கண்ணாடிக்கடைக்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார். மகளுக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவளுக்குத் தன் மேலேயே இருந்த நம்பிக்கையை அல்லவா பிடுங்கிவிட்டோம்? பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“சார், பையன் தேதி சரிதான். பொண்ணு தேதிதான் பொய். திருத்தினது நான்” என்றார். பேக்கரிக்காரர் உட்பட எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார்.

மறுவாரம் நிர்வாகக் குழு கூடியது. மகள் ஆறு மாதம் போட்டிகளில் ஆடக்கூடாது, கோப்பைகளைத் திருப்பித் தரவேண்டும் என்று முடிவானது. பயிற்சியாளரை நீக்கினார்கள். எல்லாப் பெற்றோரும் அசல் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியதும், இன்னும் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்குத் திடீரென்று வயது கூடியது.

இரண்டு முறையும் இறுதி ஆட்டத்தில் தோற்றவள் ஒரே சிறுமிதான், ஒரு லாரி டிரைவரின் மகள். அவளுக்குச் சேரவேண்டிய கோப்பைகளைத் தாங்களே கொண்டுபோய்க் கொடுப்பதென்று தகப்பனும் மகளும் அவள் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்த டிரைவர், விஷயத்தைக் கேட்டதும் உள்ளே இருந்த கட்டிலைக் காட்டினார்.

“எனக்கு ஆட வராதுப்பான்னு சொல்லி ராக்கெட்டைத் தூக்கி கட்டிலுக்கு அடியில போட்டுட்டா சார். நாலு மாசமாச்சு. நானும் நம்பிட்டேன்.”

கண்ணாடிக்கடைக்காரரால் தலை நிமிர முடியவில்லை. தன் வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் பாழாக்கியதாக நினைத்திருந்தார்.

சிறுமி கோப்பைகளைத் தொடக்கூட இல்லை. கண்ணாடிக்கடைக்காரரின் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப நீங்க எனக்கு அக்காவா?”

“ஆமா. மன்னிச்சுடு.”

“அக்காகூட ஆடியா இருபத்தொண்ணுக்குப் பத்தொன்பது பாயிண்ட் எடுத்தேன்?” அவள் முகம் மலர்ந்தது. குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ராக்கெட்டை இழுத்தாள். தூசியைத் தட்டினாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து இரண்டு பெண்களும் மூன்றாவது கோர்ட்டில் சேர்ந்து பயிற்சி செய்தார்கள்.

ஆறு மாதம் கழித்து, பதினைந்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் மகள் இறங்கினாள். தன்னைவிட உயரமான பெண்ணோடு மூன்று செட் மல்லுக்கட்டி, முதல் சுற்றிலேயே தோற்றாள். “ரெண்டாவது செட்டுல பாத்தீங்களாப்பா, எப்படித் திணறடிச்சேன்!” என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

“கப்பு வாங்கிட்டு இருந்த பொண்ணு. இப்பிடித் தோக்குறாளே, வருத்தமா இல்லையாண்ணே?” என்றார் பேக்கரிக்காரர்.

“இல்லப்பா. ரெண்டு வருஷம் ஜெயிச்சது என் பொய். இன்னிக்குத்தான் என் பொண்ணு ஆடினா” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். “நம்ம புள்ள முன்னுக்கு வரணும்னு வயசைத் திருத்தறோம். அதுல இன்னொரு வீட்டுப் புள்ளயோட இடத்தைத் திருடறோம், நம்ம புள்ளயையும் திருட்டுக்குக் கூட்டு சேக்கறோம். எல்லாரும் செய்யறாங்கன்னு சொல்லிட்டா தப்பு சரியாயிடாது. யாராவது ஒருத்தர் நிறுத்தணும்ல?”